கொரகொரத்த சென்டரும் என் தையல் மிஷினும்

காணை கிராமத்து ஏழுமலை மாட்டு வண்டியிலிருந்து, நாங்கள் கடைந்து கொடுத்த கரும்பு ஆலை ஷாஃப்ட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் பட்டறை வாசலில் ணங்கென்று போட்டார். எதிரே சோடாக் கடையில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவர் கையில் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தார்.

"தடவிப் பாரு மேஸ்திரி. நீயே தடவிப் பாத்துட்டுச் சொல்லு."

என் வீட்டுக்காரர் குனிந்து தடவினார். பட்டறையில் அவருக்குக் கூட்டாளியான என் அண்ணன் மாணிக்கமும் குனிந்து தடவினார். மோர்ச் சொம்போடு நின்றிருந்த நானும் சும்மா இருக்க மாட்டாமல் ஒரு விரலை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்க வேண்டிய இடம், முறத்தின் முதுகைத் தடவுவது போல வரி வரியாக இருந்தது.

"அரை நாள் ஓடல. வெண்கல புஷ்ஷத் தின்னு துப்பிடுச்சு," என்றார் ஏழுமலை, ஷாஃப்ட் சுற்றுகிற வளையத்தைச் சொல்லி. "கரும்ப வெட்டிப் போட்டுட்டேன். எனக்கு அப்புறம் வெட்டறதுக்கு ஊருல பாதிப் பேரு இந்த ஆலையத்தான் நம்பிக்கினு இருக்காங்க. வெயிலு பாத்தியா? சாறு பூரா வத்திடும். அப்புறம் அடுப்பெரிக்கத்தான் ஆவும்."

ஆள் ஆறடி. அப்படிப்பட்டவர் குரல் உடைந்து பேசியதை நான் அன்றுதான் கேட்டேன். மோரைக் கையில் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாரே தவிர குடிக்கவில்லை.

பட்டறையில் எனக்கு என்ன வேலை?

எங்கள் லேத்து மெட்ராசிலிருந்து கூட்ஸ் வண்டியில் விழுப்புரம் வந்து இறங்கிய கூத்தைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், "லேத்துப் பட்டறையில் உங்களுக்கு என்னம்மா வேலை?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எனக்கு அங்கே வேலையே கிடையாது. முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு சாக்குத் திரை. அவ்வளவுதான் எங்கள் குடித்தனம். லேத்து ஓடினால் என் அடுக்குப் பானைகள் சேர்ந்து ஆடும். நான் மிளகாய் வறுத்தால் அங்கே இரண்டு பேர் தும்முவார்கள்.

கல்யாணத்துக்கு முன்பே திண்டிவனத்தில் ஒரு டீச்சரம்மாவிடம் தையல் கற்றுக்கொண்டிருந்தேன். சீதனமாக வந்தது காலால் மிதிக்கிற தையல் மிஷின் ஒன்று. திரைக்கு இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் லேத்து. அவர் இரும்பைச் சீவுவார், நான் ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைப்பேன். இரண்டு சத்தமும் சேர்ந்துதான் எங்களுக்குப் பொழுது போகும்.

அவர் பெயர் தணிகாசலம். அந்தக் காலத்தில் இந்தப் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்ப்பேன், யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று. இப்போது பத்திரிகையிலேயே எழுதுகிறேன். அவர் படித்துவிட்டு, "எழுத்துப் பிழை இல்லாம போட்டிருக்காங்க," என்றார்.

அண்ணன் திண்டிவனத்தில் குடியிருந்தார். காலை பாசஞ்சரில் வருவார், சாயங்காலம் போவார். லேத்தில் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. கடைவது இவர், பூட்டுவதும் கழற்றுவதும் அண்ணன். கரண்டு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. சுற்றுப்பட்டில் யாருக்குப் பம்புசெட்டு மக்கர் பண்ணினாலும், ஆலையில் ஏதாவது முறிந்தாலும் வண்டி கட்டிக்கொண்டு எங்களிடம்தான் வருவார்கள்.

சண்டையின் மூலகாரணம்

இந்த இடத்தில் சென்டர் என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஆம்பளைகள் எதற்கு அப்படி முறைத்துக்கொண்டார்கள் என்று உங்களுக்குப் புரியாது.

நீளமான இரும்புக் கம்பத்தைக் கடையும்போது ஒரு முனையை லேத்து கவ்விப் பிடித்துச் சுற்றும். மறுமுனை ஆடாமல் இருக்க, அதன் நடுவில் சின்னக் குழி போட்டு, எதிரிலிருந்து ஒரு கூரான இரும்பு முனையைக் கொடுத்துத் தாங்குவார்கள். அந்த முனைதான் சென்டர். பழைய மாதிரி சென்டர் அசையாது. இரும்பு அதன்மேல் உராய்ந்து சுற்றும். கிரீஸ் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், வேகமாக ஓட்டவும் முடியாது. புது மாதிரி சென்டருக்கு உள்ளே பேரிங் உண்டு. இரும்போடு சேர்ந்து முனையும் சுற்றும். அதற்கு ரிவால்விங் சென்டர் என்று பெயர். எங்கள் பட்டறையில் "சுத்துற சென்டர்" என்போம்.

அந்தச் சுத்துற சென்டரை மெட்ராசில் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து வாங்கி வந்தவர் என் அண்ணன். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு வருவதுபோலத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். "விழுப்புரத்துல வேற யாருகிட்டயும் கெடையாது மாப்ள," என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே ஏழுமலையின் ஷாஃப்ட் திரும்பி வந்ததும் என் வீட்டுக்காரர், "சென்டர் சரியில்ல மச்சான்," என்று சொன்ன ஒரே வார்த்தை போதுமானதாக இருந்தது.

"சென்டர இன்னா சொல்ற? உன் டூலப் பாரு. மழுங்கிப் போயி நிக்குது."

"டூலு நேத்துதான் தீட்டினது."

"தீட்டத் தெரிஞ்சி தீட்டணும்."

"கையால சுத்திப் பாருங்க. கொரகொரங்குது."

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

"மோட்டார நிறுத்திட்டுக் கேளுங்க."

"நிறுத்தினா வேல எப்பிடி நடக்கும்?"

இப்படியே போய், கடைசியில் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் வாங்கியாந்தது எதுவும் ஒனக்குப் புடிக்கல. எம் பங்கப் பிரிச்சிக் குடுத்துடு. நெய்வேலிப் பக்கம் எத்தினியோ வேல இருக்குது," என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்துவிட்டார்.

ஏழுமலை நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். "எம் பொழப்பு பேஜாராப் பூடுச்சே தங்கச்சி," என்றார் என்னிடம். யாருக்குத் தங்கை, யாருக்குப் பெண்டாட்டி என்று நானே குழம்பி நின்ற நேரம் அது.

கருகிய வாசனை

அண்ணன் போன பிறகு என் வீட்டுக்காரர் வீராப்பாகச் சுற்றாத பழைய சென்டரை எடுத்து மாட்டினார். "அது இல்லாம நாங்க வேலயே செஞ்சதில்லயா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். ஷாஃப்ட்டை மறுபடி ஏற்றி, கோபத்தில் பெல்ட்டை வேகமான கப்பிக்கு மாற்றிவிட்டார். நான் திரைக்குப் பின்னால் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கீய்ய்யென்று ஒரு அலறல். பிறகு தாளிப்புக் கருகின மாதிரி ஒரு நாற்றம்.

போய்ப் பார்த்தால், கிரீஸ் எரிந்து, பழைய சென்டரின் முனை நீலம் பாரித்து மொட்டையாகி நின்றது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாப்பிடும்போது ரசத்தில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. உண்மையில் நான் போடவே மறந்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் நானே கேட்டேன். "ஏங்க, நான் போய் அண்ணனக் கூட்டிக்கினு வரட்டுமா?"

"வரமாட்டாரு."

"சென்டரக் குடுங்க. எடுத்துக்கினு போறேன்."

கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். பிறகு கழற்றி வைத்திருந்த சுத்துற சென்டரை எடுத்து, எண்ணெயைத் துடைத்து, என் துணிப் பையில் போட்டார். "அவரு காதாண்ட வச்சிச் சுத்திக் காட்டு. மோட்டாரு சத்தம் இல்லாத எடமாப் பாத்து," என்றார்.

திண்டிவனம் பாசஞ்சர்

தனியாக ரயிலில் போவது எனக்கு அதுதான் முதல் தடவை. பயம் இல்லை, பெருமையாகத்தான் இருந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முண்டியம்பாக்கம் தாண்டியதும் கரும்பு வயல்களாக வந்தன. வெட்டிப் போட்ட கட்டுகள் வரப்போரம் கிடந்தன. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் வாய் ஊறும். அன்றைக்கு ஏழுமலையின் முகம்தான் ஞாபகம் வந்தது. பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கரி ஒன்று பறந்து வந்து கண்ணில் விழுந்து, மயிலம் வரைக்கும் ஒற்றைக் கண்ணால்தான் ஊர் பார்த்தேன்.

அண்ணன் வீட்டில் அண்ணி கேப்பைக் களி கிளறிக்கொண்டிருந்தார். அண்ணன் வேலைக்குப் போகாத ஆம்பளையாக, கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து உத்தரத்தை எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னா, உன் வீட்டுக்காரரு தூது அனுப்பினாரா?"

"நானாத்தான் வந்தேன்."

"நான் வர்றதா இல்ல."

"வராட்டி போ. இத மட்டும் ஒருவாட்டி சுத்திப் பாத்துட்டு, நல்லா இருக்குதுன்னு சொல்லு. நான் போய்ச் சொல்லிடறேன்."

சென்டரை எடுத்து அவர் பக்கத்தில் கட்டில் சட்டத்தின்மேல் வைத்தேன். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குத் தெரியும், அவரால் ஒரு பொருளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தொடாமல் இருக்க முடியாது. சின்ன வயதில் வீட்டுக் கடிகாரத்தைக் கழற்றி, அதைத் திரும்பப் பூட்டுகிறவரைக்கும் எங்கள் வீட்டில் மணியே தெரியாமல் இருந்தோம்.

நான் அண்ணியோடு பேச்சுக் கொடுத்தேன். ஜாக்கெட் துணி விலை, பக்கத்து வீட்டுப் பெண்ணின் வளைகாப்பு என்று எதையெதையோ பேசினோம். பின்னால் மெதுவாக ஒரு சத்தம் கேட்டது. அண்ணன் ஒரு கையால் சென்டரின் உடம்பைப் பிடித்து, இன்னொரு கைவிரலால் முனையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எப்படிச் சொல்வது? மணல் விழுந்த அரிசியை மெல்லுகிற மாதிரி இருந்தது. ஒரு சுற்றில் ஒரு இடத்தில் மட்டும் "கொர்" என்று தடுக்கும். பிறகு ஓடும். மறுபடி அதே இடத்தில் தடுக்கும்.

அண்ணி கரண்டியை நிறுத்திவிட்டு, "இன்னாங்க அது, எலியா?" என்றார்.

அண்ணன் சென்டரைக் காதோரம் வைத்து இன்னொரு தடவை சுற்றினார். காது நுனி சிவந்துபோயிற்று. நான் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். அண்ணிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. வாய்விட்டுச் சிரித்தார்.

"சிரிக்காத," என்றார் அண்ணன். சட்டையை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "சரோஜா, ஜல்தி கெளம்பு. பதினோரு மணி வண்டியப் புடிக்கலாம்."

"களி?" என்றார் அண்ணி.

"தூக்குல போட்டுக் குடு."

திரும்பி வரும்போது வழி முழுக்க அவர் அதைச் சுற்றிக்கொண்டே வந்தார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வேகவைத்து விற்கிற அம்மா ஒருத்தி எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பம்பரமா சாமி? கயிறு எங்க?" என்று கேட்டாள். பெட்டியே சிரித்தது. அண்ணனும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது.

எண்ணெய்ச் சட்டி

வந்தார் என்பதுதான் சமாதானம். பேசினார் என்று அர்த்தம் இல்லை. இரண்டு பேரும், வைஸ் என்கிற இரும்புக் கிடுக்கி பூட்டிய ஒரே மேஜைக்கு முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று, என் மூலமாகப் பேசினார்கள்.

"சரோஜா, உங்க வீட்டுக்காரர வைஸ்ல இறுக்கிப் புடிக்கச் சொல்லு."

"இறுக்கியாச்சுன்னு சொல்லு உங்கண்ணன்கிட்ட."

"ரொம்ப இறுக்க வாணாம்னு சொல்லு."

"இது எங்களுக்கும் தெரியும்னு சொல்லு."

நான் எதையும் சொல்லவில்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியதில் கழுத்து வலித்ததுதான் மிச்சம். மூலையில் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்த ஏழுமலை, "எனக்குக் கேக்குதே, அவங்களுக்குக் கேக்கலியா?" என்றார்.

சென்டரின் முன்னால் இருந்த மூடியைக் கழற்றி, பின்பக்க ஓட்டையில் கம்பியை விட்டு அண்ணன் பக்குவமாகத் தட்டினார். முனைத் தண்டு பேரிங்கோடு வெளியே வந்தது. உள்ளே கண்மை மாதிரி கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. கிருஷ்ணாயிலில் போட்டுக் கழுவினார்கள். அடியில் இரும்புத் தூள் மின்னியது. பேரிங்கைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார் அண்ணன். குண்டுகள் ஓடும் தடத்தில் ஒரு இடம் அம்மைத் தழும்பு மாதிரி பொரிந்துபோயிருந்தது. தடுக்கிய இடம் அதுதான்.

சென்டரின் வாயில் தூசி போகாமல் அடைக்க ஒரு கம்பளி வளையம் இருக்க வேண்டுமாம். அது இருந்த இடத்தில் இரண்டு நார்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. வாங்கும்போது அதை அண்ணன் கவனிக்கவில்லை. வாங்கி வந்த நாளிலிருந்து அதைத் திறந்து ஒரு சொட்டு கிரீஸ் வைக்க இவருக்கும் தோன்றவில்லை. இரண்டு பேரும் இதை ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இரண்டு பேருமே சேர்ந்தாற்போல் கை துடைக்கத் துணி தேடினார்கள்.

அந்த அளவு பேரிங் விழுப்புரத்தில் கிடைக்கவில்லை. மோட்டார் பைக் சக்கரத்தில் போடுவது அதேதான் என்று அண்ணனுக்கு ஞாபகம் வந்து, மறுநாள் விடிகாலை வண்டியில் பாண்டிச்சேரிக்குப் போனார். மத்தியானத்துக்குள் எண்ணெய்த் தாளில் சுற்றிய புது பேரிங்கோடு திரும்பினார். அதற்குள் நான் ஒரு பழைய கம்பளித் தொப்பியை வெட்டி, தையல் கத்தரியால் வளையமாகக் கத்தரித்து வைத்திருந்தேன். அது யாரும் கேட்காமல் நானாகச் செய்த வேலை.

புது பேரிங் தண்டின்மேல் சாதாரணமாக ஏறாது. அடித்து ஏற்றினால் மறுபடியும் குண்டுகளில் தழும்பு விழும். சூடான எண்ணெயில் போட்டு எடுத்தால் இரும்பு கொஞ்சம் விரியும், அந்தச் சமயத்தில் சடக்கென்று மாட்டிவிட வேண்டும்.

"சரோஜா, எண்ணெய்ச் சட்டி இருக்குதா?"

வடை சுடுகிற சட்டியைத்தான் கொடுத்தேன். மல்லாட்டை எண்ணெய் ஊற்றி அடுப்பில் வைத்தேன். பேரிங்கைக் கம்பியில் கோத்து, அடியில் முட்டாமல் எண்ணெய்க்குள் தொங்கவிட்டார்கள். வாசனை தெருவுக்குப் போயிற்று. சோடாக் கடைக்காரர் வந்து, "இன்னா விசேஷம்?" என்று கேட்டுவிட்டு, சட்டிக்குள் எட்டிப் பார்த்து, வந்த வழியே திரும்பிப் போனார்.

எண்ணெய் லேசாகப் புகைய ஆரம்பித்ததும் அண்ணன் கம்பியைத் தூக்கினார். இவர் கையில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு தண்டை நேராகப் பிடித்தார். எண்ணெய் சொட்டச் சொட்டப் பேரிங் தண்டின் தலையில் உட்கார்ந்தது. ஒரு நொடி அங்கேயே நின்றது. ஏழுமலை எழுந்து நின்றுவிட்டார். பிறகு அது சர்ரென்று வழுக்கிக்கொண்டு போய் அடியில் டக்கென்று உட்கார்ந்தது.

"எறங்கிடுச்சு மச்சான்!" என்று இவர் கத்தினார்.

"எறங்கிடுச்சு மாப்ள!" என்று அண்ணன் கத்தினார்.

அப்புறம்தான் தாங்கள் நேராகப் பேசிவிட்டது இரண்டு பேருக்கும் உறைத்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். உள்ளே போய் அழுதேன் என்றால் நம்புவீர்களா? சந்தோஷத்தில்தான்.

மிதி

கம்பளி வளையம், புது கிரீஸ், மூடி எல்லாம் பூட்டிச் சுற்றிப் பார்த்தால் சத்தமே இல்லை. வெண்ணெயில் விரல் விட்ட மாதிரி ஓடியது. ஆனால் முனையின்மேல், ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயலை வைத்துப் பார்த்தபோது முள் ஆடியது. பழைய பேரிங்கின் ஆட்டத்திலேயே முனை ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டிருந்தது. அந்த முனையைச் சாணை பிடித்து நேராக்கினால்தான் ஷாஃப்ட் ஆடாமல் சுற்றும்.

அண்ணன், சென்டரை லேத்து சுற்றுகிற பக்கத்தில் மாட்டி மொத்தமாகச் சுற்றவிட்டுச் சாணை பிடிக்கலாம் என்றார்.

"அப்பிடிப் புடிச்சா உடம்புக்குத்தான் நேரா இருக்கும் மச்சான். சுத்தப் போறது உடம்பு இல்லயே, முனைதானே? அது தன் பேரிங்லயே சுத்தணும். சுத்தும்போது புடிக்கணும்."

அண்ணன் யோசித்தார். "சரிதான் மாப்ள," என்றார். அவர் வாயிலிருந்து அது அபூர்வமான வார்த்தை. "ஆனா உடம்ப நிறுத்திட்டு முனைய மட்டும் எது சுத்தும்?"

அப்போது நான் திரைக்கு இந்தப் பக்கம் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தேன். டக டக டக என்று நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோயிற்று. சாக்குத் திரை விலகியது. இரண்டு தலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக எட்டிப் பார்த்தன. பார்வை என்மேல் இல்லை. மிஷினின் பெரிய சக்கரத்தின்மேலும் அதில் ஓடுகிற தோல் வார்மேலும் இருந்தது.

"ஐயோ, வாணாம்!" என்றேன்.

"ஒரு மணி நேரம்தான் சரோஜா."

"கல்யாண ஜாக்கெட்டு குடுக்கணும். நீங்க கழட்டினா திரும்பப் பூட்ட மாட்டீங்க."

ஏழுமலை அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றார். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். நான் ஊசியிலிருந்து நூலை அறுத்தேன்.

"சரி. ஆனா வேற யாரும் மிதிக்கக் கூடாது. நான்தான் மிதிப்பேன்."

மிஷின் தலையைக் கழற்றி வைத்துவிட்டு, காலடிச் சட்டத்தை மட்டும் லேத்தின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டு தோல் வார்களைச் சேர்த்து நீளமாக்கி, பெரிய சக்கரத்திலிருந்து சென்டரின் கழுத்துக்குக் கொடுத்தார்கள். சென்டரின் உடம்பு லேத்தில் அசையாமல் இருக்கும். நான் மிதித்தால் முனை மட்டும் சுற்றும். டூல் இருக்கும் இடத்தில் சாணைக்கல் மாட்டிய ஒரு சின்ன மோட்டாரைச் சாய்வு பார்த்துப் பூட்டினார்கள். பொறி விழுந்து லேத்து கெட்டுவிடாமல் ஈரத் துணி போர்த்தினார்கள். என் பழைய புடவைதான் அதற்கும் போயிற்று.

"ஒரே சீரா மிதி," என்றார் இவர். "நின்னா ஒரு பக்கம் அதிகமாத் தேஞ்சிடும்."

"எனக்கு மிதிக்கச் சொல்லித் தராதீங்க," என்றேன். பேசியது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

மிதித்தேன். முனை சுற்ற ஆரம்பித்தது. கல் அதைத் தொட்டதும் ஊசி ஊசியாகப் பொறி பறந்தது. முதலில் சத்தம் விட்டு விட்டு வந்தது, ஸ்ஸ், ஸ்ஸ் என்று. ஒரு பக்கம் மட்டும் பட்டுக்கொண்டிருந்தது. இவர் கைப்பிடியை முடியளவு திருப்பி, கல்லை முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டிருந்தார். அண்ணன் முகத்தை ஒட்ட வைத்துப் பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்," என்றார். கெண்டைக்கால் கல்லாக இறுகியது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையை எடுத்தால் தாளம் தப்பிவிடுமோ என்று அப்படியே விட்டுவிட்டேன். ஏழுமலை தன் துண்டால் எனக்கு விசிற ஆரம்பித்தார். ஆறடி ஆள் விசிறினால் காற்று எப்படி வரும் என்று நினைக்கிறீர்கள்? பொறியெல்லாம் அண்ணன் பக்கம் போயிற்று. "யோவ், நிறுத்துய்யா!" என்று அவர் குதித்தார். நான் சிரித்தேன், ஆனால் காலை நிறுத்தவில்லை.

விட்டு விட்டு வந்த சத்தம் மெல்ல மெல்லச் சேர்ந்து ஒரே இழையாக, ஸ்ஸ்ஸ்ஸ் என்று நீண்டது.

"போதும்," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

டயலை வைத்துப் பார்த்தார்கள். நான் மெதுவாகச் சக்கரத்தை உருட்டினேன். முள் தூங்குகிற மாதிரி கிடந்தது.

அன்று சாயங்காலமே ஷாஃப்ட்டை ஏற்றினார்கள். கெட்டுப்போன வரிகளைச் சீவி எடுத்துவிட்டு, அந்த அளவுக்குப் புது வெண்கல புஷ் கடைந்தார்கள். டூலிலிருந்து இரும்பு சுருள் சுருளாக, அறுபடாமல் வந்தது. அந்தச் சுருளில் ஒன்றை எடுத்து ஏழுமலை தன் மாட்டின் கொம்பில் மாட்டிவிட்டார். மாட்டுக்கு அது பிடிக்கவில்லை, தலையை உதறி உதறிப் பார்த்தது.

காணையில்

இரண்டு நாள் கழித்து ஏழுமலை வண்டி அனுப்பினார். அண்ணியும் திண்டிவனத்திலிருந்து வந்துவிட்டார். நால்வரும் போனோம். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே பாகு வாசனை வண்டிக்குள் வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டது.

வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்கு வெளியே எண்ணெய் இஞ்சினில் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. கரும்பை இரண்டிரண்டாக உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சாறு பச்சையாக வழிந்து பானைக்குள் இறங்கியது. உள்ளே கொப்பரையில் பாகு குமிழியிட்டுக்கொண்டிருந்தது. அடுத்து ஆலையாட்ட வேண்டியவர்களின் வண்டிகள் கரும்போடு வரிசையாகக் காத்திருந்தன.

பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "நீதான் லேத்து மிதிச்சவளா?" என்று ஒருத்தி என் காலையே பார்த்துக் கேட்டாள். ஏழுமலை ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். சொல்லச் சொல்ல அவர் கதையில் நான் ஷாஃப்ட்டையே மிதித்துக் கடைந்தவளாக ஆகிப்போயிருந்தேன். நான் திருத்தவில்லை. அண்ணி திருத்தப் போனார், கையைக் கிள்ளி நிறுத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரும் அண்ணனும் ஆலைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். மறுபடியும் ஏதோ தகராறு.

"லேசா ஒரு நடுக்கம் இருக்குது மாப்ள."

"அது இஞ்சினு நடுக்கம் மச்சான். ஷாஃப்ட்டுது இல்ல."

"ஷாஃப்ட்டுதுதான்."

"இல்லவே இல்ல."

ஏழுமலை பாவம், கையில் சாற்றுச் சொம்போடு நின்றார். பழையபடி முகம் வாட ஆரம்பித்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பி என்னைக் கூப்பிட்டார்கள்.

"சரோஜா, இங்க வா. நீ தொட்டுப் பாத்துச் சொல்லு."

ஆலையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் வழி விட்டார்கள். நான் போய்க் குந்தினேன். ஷாஃப்ட் சுற்றுகிற இடத்துக்கு மேல், புஷ் இருக்கும் கட்டையின்மேல் உள்ளங்கையை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். இஞ்சின் தூரத்தில் டப் டப் என்றது. கைக்கடியில் இளஞ்சூடு இருந்தது, தூங்குகிற குழந்தையின் முதுகு மாதிரி. வேறு எதுவும் இல்லை.

"இன்னா தெரியுது?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமே தெரியல," என்றேன்.

ஏழுமலை சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு, கரும்புக்காரர்களைப் பார்த்துக் கையை ஓங்கி ஆட்டினார். "கரும்புக் கட்டப் பிரிங்கடா!" என்றார்.